மூடியவர் பெயர்

பனி கொட்டிக் கிடக்கும் மலைப்பாதையில் ஒருவன் மண்டியிட்டு, வழுக்காமலிருக்கச் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிக்கொண்டிருக்கும்போது, காருக்குள் கதகதப்பாக உட்கார்ந்து, கண்ணாடியை இரண்டு விரற்கடை மட்டும் இறக்கி அவனைத் திட்டுவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். டாக்டர் அனஸ் லஹ்லூவுக்கு அது பிறவியிலேயே இருந்தது.

“யோவ் ஜிலாலி, சங்கிலி மாட்டுறியா, இல்ல சக்கரத்துக்கு நகை போட்டு அழகு பாக்குறியா?”

“விரல் மரத்துப் போச்சு, டாக்டர்.”

“உனக்கு விரல் மட்டுமாய்யா மரத்திருக்கு?”

ஜிலாலி அடுத்த கொக்கியை மாட்டினான். பல்கலைக்கழக வண்டியில் இந்த மனிதரைப் பதினோரு வருடமாக ஏற்றி இறக்குகிறான். சாலையோரத் தேவதாருவில் நாலைந்து குரங்குகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு உட்கார்ந்து, காரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்தும் லஹ்லூ முகத்தைச் சுளித்தார்.

அவர் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. ஃபெஸ் நகரத்தில் பூஞ்சை ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். அஸ்ரூ ஊருக்கு மேலே உள்ள தேவதாருக் காட்டில் ஒன்பது மரங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் அடிமண்ணிலும் இலையிலும் சுற்றியிருக்கும் காற்றிலும் எந்தப் பருவத்தில் என்னென்ன பூஞ்சை வாழ்கிறது என்று கணக்கெடுப்பது அவர் எடுத்துக்கொண்ட பெரிய வேலை. வசந்தம், கோடை, இலையுதிர்காலம் மூன்றும் உண்மையாகவே எடுத்தவை. அதாவது அவர் காரில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் எடுத்தவை. நாலாவதான பனிக்காலத்துக்கு அவர் ஃபெஸ்ஸை விட்டு நகரவே இல்லை. போன ஜனவரியில் வீட்டுக் கணப்படுப்புப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, இலையுதிர்கால எண்களை மூன்றில் ஒரு பங்காக்கி, மேலே பனிக்காலம் என்று தலைப்பு எழுதினார். குளிரில் காற்றில் பூஞ்சை வித்து குறைவாகத்தான் இருக்கும், எந்த மடையனுக்கும் தெரியும், அதற்கு மலை ஏறிப் பார்க்க வேண்டுமா என்பது அவர் நியாயம். எல்லாமே பேர் தெரிந்த பூஞ்சையாக இருந்தால் சந்தேகம் வருமே என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார். ‘வெள்ளை நிறம், வித்து இல்லை, இனம் தெரியாதது: 1.’ அந்த ஒன்றை எழுதியபோது தன் புத்தியை நினைத்து அவருக்கே ஒரு பூரிப்பு.

அறிக்கை அச்சாகி, பேராசிரியர் பதவிக்கு அவர் பெயரும் போனது. அங்கேதான் வம்பு. தேர்வுக் குழுவில் இருந்த, தலைநகர் ரபாத்தைச் சேர்ந்த அம்மாள் ஒருத்தி, நாலு பருவத்துப் பூஞ்சைகளையும் உயிரோடு கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்லிவிட்டாள். பிப்ரவரி கடைசிக்குள். பனிக்காலப் பூஞ்சை இல்லையென்றால் பதவி இல்லை. ஏன் இல்லை என்று தோண்ட ஆரம்பித்தால் இருக்கிற வேலையும் இல்லை. கிடைத்த முதல் சனிக்கிழமையில் அதனால்தான் அவர் கிளம்பி வந்திருந்தார். அது ஜனவரியின் இரண்டாவது சனிக்கிழமை என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

வனக்காவலர் வீட்டு வாசலில் கார் நின்றபோது மணி பத்து இருக்கும். பனிமூட்டம் கூரை வரைக்கும் இறங்கியிருந்தது. போன தடவைகளில் கார் சத்தம் கேட்டதும் ஓடி வந்து கதவைத் திறந்துவிடும் காவலர் அஸ்ஸூவைக் காணோம்.

“எங்க அந்த மலைக்கரடி?” என்றார் லஹ்லூ. “குளிர்காலம் பூரா குகையில படுத்துத் தூங்குறானா?”

கதவைத் திறந்தவள் அவன் மனைவி இத்தோ. ஐம்பது வயதிருக்கும். மோவாயில் பச்சை குத்தியிருந்தாள். லஹ்லூவைப் பார்த்ததும் அவள் திகைக்கவில்லை. தலையிலிருந்து பூட்ஸ் வரை ஒருமுறை பார்த்துவிட்டு, வழியை விட்டு நகர்ந்து நின்றாள்.

“உன் புருஷன் எங்கம்மா?”

“நீங்க வரச் சொன்ன இடத்துலதான் இருக்காரு.”

“ஒன்பதாம் மரத்துக்கிட்டயா? நான் வர்றது அவனுக்கு எப்படித் தெரியும்?”

இத்தோ அவர் கண்ணையே பார்த்தாள்.

“அவர் செத்து இந்தச் சனிக்கிழமையோட ஒரு வருஷம், டாக்டர்.”

ஜிலாலி குல்லாவைக் கழற்றி, வாய்க்குள் துஆ முணுமுணுத்தான். லஹ்லூவும் உதட்டை அசைத்தார். ஆனால் அவருக்கு முதலில் உறைத்தது சாவு இல்லை, தேதி. பனிக்கால அட்டவணையில், காற்றில் மிதக்கும் வித்தைப் பிடிக்கத் திறந்து வைக்கும் ஒவ்வொரு கண்ணாடித் தட்டுக்கும் எதிரே யார் திறந்தது, யார் மூடியது என்று இரண்டு கட்டம் உண்டு. திறந்தவர் என்ற கட்டத்தில், ஒரு சாட்சி இருந்தால் நம்பகமாக இருக்கும் என்று அவர் எழுதிய பெயர் அஸ்ஸூ. போட்ட தேதி ஜனவரி இருபத்தாறு.

அடுப்பருகே உட்கார வைத்து, புதினாத் தேநீரை உயரத் தூக்கி ஊற்றிக் கொடுத்தாள் இத்தோ. ஜிலாலிக்கு ரொட்டியும் வெண்ணெயும் வந்தன. லஹ்லூவுக்குத் தேநீர் மட்டும். அவர் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

“குடிங்க, விஷம் வைக்கல. அதெல்லாம் மனுஷங்களுக்கு வைக்கிறது.”

ஜிலாலி ரொட்டியைப் பார்த்துக்கொண்டே மென்றான்.

“உங்க அறிக்கை வன அலுவலகத்துக்கு வந்துச்சு,” என்றாள் இத்தோ. “குமாஸ்தா வாசிச்சுக் காட்டினாரு. பன்னெண்டாம் தேதி செத்தவரு இருபத்தாறாம் தேதி உங்களுக்குத் தட்டு திறந்து குடுத்திருக்காரு. செத்த பெறகும் பதினாலு நாள் வேலை பாத்திருக்காரு என் புருஷன். உசுரோட இருந்தப்ப சோம்பேறின்னு திட்டினீங்களே, இப்பவாவது மனசு நெறஞ்சுதா?”

“அச்சுப் பிழை. அச்சகத்துக்காரன் பண்ணின தப்பு.”

“அப்படியா. அச்சகத்துக்காரன்தான் அவரப் பன்னெண்டாம் தேதி மரத்தடிக்கு வரச் சொன்னானா?”

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தைய அக்டோபரில் இலையுதிர்காலத் தட்டுகளை வைத்தபோது, காற்று அடித்து இலை விழப்போகிறதே என்று பயந்து அஸ்ஸூ ஒரு தட்டை இரண்டு நிமிடம் முன்னதாக மூடிவிட்டான். எல்லோர் முன்னாலும் லஹ்லூ அவனைக் கிழித்துத் தொங்கவிட்டார். “உன்னை யாருடா மூடச் சொன்னது? நான் மூடுன்னு சொல்ற வரைக்கும் மூடக் கூடாது. தட்டுக்கு மேல மூச்சு விடாத. உன் வாயில இருக்குற அழுக்கெல்லாம் அதுல முளைக்கும்.” இருபத்திரண்டு வருடம் காடு காத்த மனிதன், பள்ளிப் பிள்ளை மாதிரி தலைகுனிந்து நின்றான். கிளம்பும்போது காரின் ஜன்னலருகே வந்து கேட்டான், அடுத்தது எப்போது டாக்டர் என்று. பனிக்காலத்துக்கான ஒன்பது தட்டுகளையும் சீட்டு எழுதி ஒட்டி அவன் கையில் திணித்து, பேச்சை முடித்தால் போதும் என்று லஹ்லூ சொன்னார்: “ஜனவரி ரெண்டாம் சனிக்கிழமை. பதினோரு மணி. ஒன்பதாம் மரத்துல ஆரம்பிக்கலாம். நீ தட்டத் திறந்து வச்சுட்டு நில்லு, நான் வந்துடுறேன். இன்ஷா அல்லாஹ்.”

ஆண்டவன் நாடினால் என்று அதற்கு அர்த்தம். ஆனால் ஃபெஸ்ஸில் பெரிய மனிதர்கள் ஒருவரை முகம் சுளிக்காமல் விரட்ட வைத்திருக்கும் வார்த்தை அது. கடன் கேட்டு வருகிறவனுக்கு, சிபாரிசு கேட்டு வருகிறவனுக்கு, பெண் கேட்டு வருகிறவனுக்கு அதைச் சொன்னால் அவன் புரிந்துகொண்டு செருப்பை மாட்டிக்கொள்வான். ஆண்டவன் பெயரை இப்படிக் கதவுத் தாழ்ப்பாளாக்கிப் பழகியவர்களுக்கு, அதைச் சத்தியமாக எடுத்துக்கொள்கிறவர்கள் மலையில் இருக்கிறார்கள் என்பது நினைவிலேயே இருப்பதில்லை. அஸ்ஸூ வீட்டுக்கு வந்து நாட்காட்டியில் அந்தச் சனிக்கிழமையைக் கரியால் வட்டமிட்டு வைத்தான். நாட்காட்டி இன்னும் சுவரில் இருந்தது.

“பனி இடுப்பு வரைக்கும் விழுந்துச்சு,” என்றாள் இத்தோ. “போகாதன்னேன். டாக்டர் ஆண்டவன் பேரைச் சொல்லியிருக்காரு, அந்த மனுஷன் ஃபெஸ்ல இருந்து கிளம்பியிருப்பாரு, நான் இங்கருந்து முன்னூறு அடி போகக் கூடாதான்னாரு. பனிப்புயல் ஓய்ஞ்சு மூணாம் நாள்தான் கண்டுபிடிச்சாங்க. மரத்துல சாஞ்சு உக்காந்திருந்தாரு. மேல கம்பளி அங்கி இல்ல. அதைக் கழட்டி ரெண்டு குச்சியில கட்டி, தட்டுக்குக் காத்து படாம மறைப்பு வச்சிருந்தாரு. மூஞ்சிய இந்தப் பக்கமா திருப்பி வச்சிருந்தாரு.”

“எதுக்கு?” என்றான் ஜிலாலி மெதுவாக.

“தட்டுல மூச்சு படக் கூடாதாமே.”

அடுப்பில் விறகு வெடித்தது. லஹ்லூ தேநீரை ஒரு மிடறு குடித்தார்.

இத்தோ எழுந்து, துணிக்குள் மடித்து வைத்திருந்த வன அலுவலகப் படிவம் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். “இடுப்புல கோடாலி இருந்துச்சு. காவலர்னா கோடாலி இருக்காதா? மரம் திருடப் போனவருன்னு வன அலுவலகத்துல எழுதிட்டாங்க. இருபத்திரண்டு வருஷம் திருடனைப் பிடிச்சவரு காகிதத்துல திருடன். மார்ச் மாசத்துக்குள்ள இந்த வீட்டை விட்டும் போகணும், அது போகட்டும். ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. பன்னெண்டாம் தேதி என் வேலைக்காக, நான் சொல்லித்தான் அஸ்ஸூ அங்க போனார்னு. அவ்வளவுதான்.”

“நான் எங்கம்மா சொன்னேன்? ஏதோ பேச்சுக்கு...”

“சொன்னீங்க, டாக்டர்,” என்றான் ஜிலாலி. “நான் பக்கத்துல இருந்தேன்.”

“நீ வண்டிய ஓட்டு.”

“இவரு சொன்னா எடுக்க மாட்டாங்களாம்,” என்றாள் இத்தோ. “உத்தரவு போட்டவரே எழுதணுமாம். எனக்கும் ஆசையில்ல, உங்க கையெழுத்துல அவரு பேரு சுத்தமாகணும்னு. வேற வழி இல்ல.”

அந்த ஒரு வரியை எழுதினால் என்ன ஆகும் என்று லஹ்லூ யோசித்துவிட்டார். பன்னிரண்டாம் தேதி வரச் சொன்னவர் ஏன் வரவில்லை? வராதவருக்குப் பனிக்கால எண்கள் எங்கிருந்து கிடைத்தன? ஒரு காவல்காரன் திருடனா இல்லையா என்பதற்காக ஒரு பேராசிரியர் பதவியா? அவருக்குச் சிரிப்புகூட வந்தது. படிவத்தை ஒரு விரலால் தள்ளிவிட்டு எழுந்தார்.

“பாக்கலாம்மா. இன்ஷா அல்லாஹ்.”

இத்தோவின் முகம் முதல்முறையாக மாறியது.

“இந்த வீட்ல அந்த வார்த்தைய இன்னொரு தடவ சொல்லாதீங்க.”

ஒன்பதாம் மரம் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. மஞ்சள் வண்ணத்தில் எண் போட்ட கிழட்டுத் தேவதாரு, நாலு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்க வேண்டும். ஜிலாலி பெட்டியைக் காரிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றான்.

“தூக்கிட்டு வாய்யா.”

“நான் வரல.”

“பயமா?”

“பயம்னே வச்சுக்குங்க.”

பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவன் ‘டாக்டர்’ என்று சேர்க்கவில்லை. லஹ்லூ அவனை ஒரு புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, பெட்டியோடு பனிக்குள் நடந்தார்.

முப்பது அடி போனதும் பின்னால் வீடு மறைந்தது. ஐம்பது அடியில் காரும் மறைந்தது. பட்டப்பகல்தான், ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. பூட்ஸுக்கடியில் பனி நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. எங்கோ ஒரு கிளை பாரம் தாங்காமல் பனியைக் கொட்டியது. தொப். அதன் பிறகு அந்தச் சத்தமும் இல்லை.

மரத்தடிக்கு வந்து வேலையைத் தொடங்கினார். சொந்தக் கையால் செய்து எத்தனையோ வருடமாகிவிட்டது. பனியை விலக்கி அடிமண்ணைச் சுரண்டிப் பையில் போட்டார். தாழ்ந்த கிளையில் ஊசியிலைகளைக் கத்தரித்து இன்னொரு பையில் போட்டார். கடைசியில் காற்று. வெட்டிய மரத்தின் அடிக்கட்டை ஒன்றின் மேல் கண்ணாடித் தட்டை வைத்து மூடியை எடுத்தார். மணி சரியாகப் பதினொன்று. பதினைந்து நிமிடம் திறந்திருக்க வேண்டும். தட்டில் மூச்சுப் படாமல் பத்தடி தள்ளிப் போய் நின்று, புது அட்டவணைத் தாளில் எழுதினார். திறந்தவர்: அ. லஹ்லூ.

பேனாவின் மை உறைந்து, பெயர் பாதியிலேயே நின்றது.

சீ, என்று உதறினார். அப்போதுதான் அந்த வாடை வந்தது. பனிக்கு வாடை கிடையாது. இது ஈரக் கம்பளி வாடை. அதற்கடியில் மழைக்குப் பிறகு மண்ணைக் கிளறினால் வருமே, அந்தக் காளான் வாடை. உறைந்த காட்டில் எந்தக் காளானும் முளைக்காது என்று அவருக்குத் தெரியும். அதைப் பற்றி இருபது வருடம் பாடம் நடத்தியிருக்கிறார்.

பத்து நிமிடம்.

யாரோ நிற்கிறார்கள் என்ற எண்ணம் பிடரியில் ஏறியது. திரும்பிப் பார்த்தார். பனியில் அவருடைய கால்தடம் மட்டும் இருந்தது.

பதினைந்து நிமிடம்.

தட்டை மூடப் போனார். மூடியைக் காணோம். கட்டையின் மேல்தானே வைத்தோம் என்று குனிந்து தேடினார். கட்டைக்கு அந்தப் புறம் இரண்டு குச்சிகள் நட்டிருந்தன. குச்சிகளில் ஒரு முழம் பழுப்புக் கம்பளி நைந்து தொங்கியது. அதற்குள்ளே ஒரு சாண் வட்டத்துக்குப் பனியே விழவில்லை. அந்த வட்டத்தின் நடுவில் ஒரு தட்டு இருந்தது.

திறந்த தட்டு.

விளிம்பில் ஒட்டியிருந்த சீட்டில் எழுத்து மங்கவே இல்லை. ‘பனிக்காலம். மரம் 9. காற்று.’ அவருடைய கையெழுத்துதான்.

ஒரு வருடம் வெயிலிலும் மழையிலும் கிடந்த தட்டில் எதுவும் மிஞ்சியிருக்கக் கூடாது. ஆனால் உள்ளே பூஞ்சைக்கு உணவான அகர் கூழ் நேற்று ஊற்றியதுபோல் தெளிவாக இருந்தது. அதன் நடுவில் வெள்ளையாக ஒன்று வளர்ந்திருந்தது. நாணயம் அளவு. பஞ்சு மாதிரி. ஒன்றே ஒன்று.

வெள்ளை நிறம். வித்து இல்லை. இனம் தெரியாதது.

அவர் இன்னும் குனிந்தார். அது மெல்ல உப்பியது. மெல்ல அடங்கியது. மறுபடி உப்பியது.

தன் மூச்சு புகையாக இறங்கித் தட்டின் மேல் படிவதை லஹ்லூ பார்த்தார். விலகத் தோன்றவில்லை. அடுத்த மூச்சை உள்ளே இழுத்தபோது வாயெல்லாம் காளான் ருசித்தது.

“மூடவா, டாக்டர்?”

இடது தோளுக்குப் பின்னால், மிக அருகில். தாழ்ந்த, பணிவான குரல். முகத்தை வேறு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பேசுகிறவனின் குரல்.

அவர் திரும்பவில்லை. கண்ணோரத்தில் அவருடைய மூச்சு மட்டும்தான் புகைந்தது. பேசியவன் பக்கம் காற்று சுத்தமாக இருந்தது.

“நேரமாயிடுச்சு டாக்டர். மூடவா?”

ஒரு வார்த்தை. மூடு. வேலைக்காரர்களிடம் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற வார்த்தை. கதவை மூடு, ஜன்னலை மூடு, வாயை மூடு. அதைச் சொல்ல லஹ்லூ வாயைத் திறந்தார். சொன்னால் வந்துவிட்டேன் என்று ஆகும். நான்தான் அவனை இங்கே நிறுத்தி வைத்தேன் என்று ஆகும். அந்த நடுக்கத்திலும் அவர் மனம் அந்தக் கணக்கைப் போட்டது. கை நீட்டி எதிரே நிற்கிற எவனுக்கும் முப்பது வருடமாகச் சொல்லிப் பழகிய நாக்கு, தானாகவே சுழன்றது.

“பாக்கலாம்... இன்ஷா அல்லாஹ்.”

 பின்னால், கம்பளி அங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒருவன் சாய்ந்து உட்காரும் சரசரப்பு.

“சரி, டாக்டர். இருக்கேன்.”

அவர் ஓடினார். ஓடும்போதும் தன்னுடைய தட்டை எடுத்துக்கொள்ள மறக்கவில்லை. பதவியாயிற்றே. மூடி அவருடைய மேல்கோட்டுப் பையிலேயே இருந்தது.

இத்தோ பின்வாசலில் நின்றிருந்தாள். அவருடைய முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

“கேட்டாரா?”

“யாரு? என்ன உளர்ற?”

“நானும் போய்ச் சொல்லிப் பாத்தேன். மூடிட்டு வீட்டுக்கு வாய்யான்னு. டாக்டர்தான் சொல்லணும்ங்கிறாரு. எல்லாச் சனிக்கிழமையும் பதினோரு மணிக்கு உக்காந்துடுறாரு.” அவள் ஒரு படி கீழே இறங்கினாள். “மூடச் சொன்னீங்களா?”

லஹ்லூ காரை நோக்கி நடந்தார்.

“வாயால சொல்ல வரலன்னா எழுதியாவது குடுங்க,” என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். “அவருக்குப் படிக்கத் தெரியும்.”

படிவத்தை ஜிலாலியிடம் கொடுத்தாள். ஜிலாலி அதை நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டு, ஃபெஸ்ஸுக்கு வண்டியைத் திருப்பினான். மறுநாள் காலை அதை லஹ்லூவின் மேசை மேல் வைத்துவிட்டு, வேறு துறைக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டான்.

நாலாம் நாள் தட்டுகளில் முளைத்தது. மண் வைத்த தட்டில் ஒரே ஒரு வெள்ளைப் பொட்டு. இலை வைத்ததில் ஒரே ஒரு வெள்ளைப் பொட்டு. காற்றுக்குத் திறந்ததில் ஒன்று. இவையெல்லாம் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்க, மலையில் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்த ஒரு தட்டு உண்டு. ஒட்டுத்தாள் கிழிபடாத அந்தத் தட்டுக்குள்ளும் ஒன்று.

பயந்து சாக வேண்டியவர், மகிழ்ந்துபோனார். அறிக்கையில் இருந்த ‘இனம் தெரியாதது’ கையில் கிடைத்துவிட்டதே. மீதிப் பூஞ்சைகளுக்குப் பழைய இலையுதிர்காலத் தட்டுகளிலிருந்து கொஞ்சம் சுரண்டிச் சீட்டை மாற்றி ஒட்டினார். ரபாத் அம்மாள் நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்துவிட்டு, இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை என்றாள். மார்ச்சில் லஹ்லூ பேராசிரியர் ஆனார். கதவில் பித்தளைப் பலகை ஏறியது. அதே வாரத்தில் இத்தோ தன் தம்பி வீட்டுக்கு மூட்டை கட்டிக்கொண்டு போனாள், திருடன் மனைவியாக.

இருமல் ஏப்ரலில் வந்தது. நெஞ்சுப் படத்தை விளக்குப் பலகையில் மாட்டிய வைத்தியர் பேனாவால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். இடது நுரையீரலில், நாணயம் அளவு, வெள்ளையாக ஒன்று.

“பூஞ்சை மாதிரி தெரியுது, பேராசிரியரே. உங்க தொழில்ல மூச்சோட போயிருக்கும். ஒண்ணே ஒண்ணுதான்.”

மருந்துக்குக் கேட்கவில்லை. அறுத்து எடுக்கலாமா என்றால், இருக்கிற இடம் சரியில்லை என்றார்கள்.

இப்போதெல்லாம் சனிக்கிழமைகளில் அவர் யாரையும் பார்ப்பதில்லை. பத்தரை மணிக்கே கதவைத் தாழிட்டுவிட்டு மேசை முன்னால் உட்காருகிறார். இழுப்பறையிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்து வைக்கிறார். பேனாவைத் திறக்கிறார். ஒரு வரி எழுதினால் போதும் என்று அவருக்குத் தெரியும். மலையேறிப் போய்ப் படித்துக் காட்டக்கூட வேண்டாம். அதற்கும் அவருக்குக் கை வரவில்லை. பித்தளைப் பலகையை நினைத்துப் பார்க்கிறார். ஒரு காவல்காரனுக்காகவா, என்று இன்னமும் நினைக்கிறார். அந்தப் புத்தி மட்டும் எந்த நோயிலும் கரையவில்லை. பேனாவை மூடி வைக்கிறார்.

மணி பதினொன்று அடிக்கிறது.

ஈரக் கம்பளி வாடை வருகிறது. தோளுக்குப் பின்னாலிருந்து வந்த குரல் இப்போது அங்கிருந்து வருவதில்லை. இரண்டு இருமலுக்கு நடுவே, விலா எலும்புக்கு உள்ளேயிருந்து, பணிவாக வருகிறது.

“மூடவா, டாக்டர்?”

இப்போது திறந்திருப்பது எது என்று அவர் படத்தில் பார்த்திருக்கிறார். மூடு என்று இனிமேல் சொல்ல முடியாது; மூடினால் நிற்கப்போவது அவர் மூச்சு. இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வார்த்தையை அதன் சொந்த அர்த்தத்தில் சொல்கிறார். கெஞ்சிச் சொல்கிறார்.

“இன்ஷா அல்லாஹ்.”

உள்ளே ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாய்ந்து உட்காருகிறான்.

“சரி, டாக்டர். இருக்கேன்.”